சொல்வதை எழுதுபவர்

ஒன்றேகாலுக்கு நீள மணி அடித்தது. அது எங்களுக்கான மணி இல்லை. மாடியில் பெஞ்சுகள் இழுபடுகின்றன, அறை வாசல்களில் கழற்றிப்போட்ட செருப்புகளைத் தேடி ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள், யாரோ ஒருவன் பதினேழாவது கேள்விக்கு என்னடா எழுதினே என்று கேட்டுக்கொண்டே படிக்கட்டு அதிர இறங்குகிறான். எனக்கும் எழுந்துவிடலாம் போல இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக மணி அடித்தால் எழுந்து பழகிய உடம்பு, சொன்னால் கேட்பதில்லை. ஆனால் மோனிஷாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பார்வை குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கொடுக்கிற கூடுதல் நேரம். பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல், கீழ்த்தளத்தில் கடைசி அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். என் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இன்றைக்குக் கணித ஆசிரியை என்று இல்லை, சொல்வதை எழுதுபவர் என்று இருக்கிறது. கேள்வியை எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம், எழுதியதைத் திரும்பப் படிக்கலாம், மற்றபடி வாயைத் திறக்கக் கூடாது. காலையில் இதற்கென்று ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டேன். தேர்வர் கூறுவதை மட்டுமே, கூறியவாறே எழுதுவேன். கையெழுத்துப் போடும்போது உள்ளுக்குள் என்னவோ இடறியது, என்ன என்று அப்போது பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை, வரிசையில் பின்னால் நின்றவர் என் பேனாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு என்னைப் போட்டதற்கு எங்கள் தலைமையாசிரியை சொன்ன காரணம் ரொம்ப நியாயமானது. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றரை மணிக்கு வீட்டில் யாராவது இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை, மாத்திரை சாப்பிட வேண்டிய மாமியார், ஷிப்டு முடிந்து வருகிற புருஷன். "உங்களுக்கென்ன கஸ்தூரி டீச்சர், ரெண்டேகால் ஆனாலும் உங்கள யாரு தேடப் போறா" என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, எனக்குச் சலுகை தருகிற மாதிரிதான் சொன்னார். நானும் ஆமாங்க மேடம் என்று சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். தேட ஆள் இல்லை என்பது ஒரு தகுதி என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் அரை டம்ளர் அரிசி, குக்கர் மூன்று விசில், ரசம் இரண்டு நாளைக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரை பால் பாக்கெட் போடுகிறவரிடம் கூடப் பேச வேண்டியதில்லை, அவர் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். திங்கட்கிழமை முதல் பிரிவேளையில் என் குரல் கரகரத்துத்தான் வரும். டீச்சருக்கு எப்பவும் சளி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சளி இல்லை, இரண்டு நாள் பூட்டிக்கிடந்த தொண்டை. அப்படிப்பட்டவளுக்கு எதிரே இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் இல்லைதான், விடைத்தாளிடம்தான். இருந்தாலும் மூன்று மணி நேரம் ஒருத்தி பேச, அதில் ஒரு சொல்லையும் சிந்தாமல் நான் கேட்டு, கடைசியாக அப்படி எப்போது நடந்தது என்று யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவள் கண்கள் ஓர் இடத்தில் நிற்பதில்லை, லேசாக ஆடிக்கொண்டே இருக்கின்றன. வெளிச்சம் தெரியுமாம், ஆள் நிழல் தெரியுமாம், எழுத்து தெரியாது. காலையில் அவள் அம்மா கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார், அரிசி ஆலையில் வேலை, தவிடு இன்னும் காது மடலில் ஒட்டியிருந்தது. மணி அடிப்பதற்கு முன்னால் பேசலாமே, அதனால் அவரே சொன்னார். போன வருஷம் மற்ற நான்கு பாடத்திலும் மோனிஷா தேறிவிட்டாள், இதில் மட்டும் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். ஜூலையில் மறுபடி எழுதவேண்டிய வாரத்தில் அம்மை போட்டுவிட்டது. ஆக ஒரு வருஷம் வீட்டில். காலை ஏழு மணிக்கு அம்மா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார், பெண் பிள்ளை, கண்ணும் தெரியாது, திறந்து போட்டுவிட்டா போக முடியும். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திறப்பார். அவர் இதைச் சொன்னபோது மோனிஷா குறுக்கே புகுந்து, தேறிவிட்டால் திருச்சியில் ஒரு விடுதியில் சேர்த்துக்கொண்டு பதினொன்றாம் வகுப்புப் படிக்கவைக்கிறார்கள், அவளைப் போன்ற பிள்ளைகள் மட்டும் இருக்கிற இடம் என்றாள். "ஒரு ரூமுக்கு எட்டுப் பேராம் டீச்சர்." வேறு யாராவது சொல்லியிருந்தால் குறையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். இவள் அந்த எட்டை ஏதோ மிட்டாய் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாமல் யாருக்குப் புரியும். இரண்டு மார்க்குக்காக ஒரு வருஷம் பூட்டின கதவுக்கு உள்ளே, இந்தத் தடவையும் போனால் இன்னொரு வருஷம், அம்மா சொல்லாவிட்டாலும் தெரிந்தது, இன்னொரு வருஷத்துக்கு அப்புறம் யாரும் அவளைத் தேர்வுக்கு அழைத்துவரப் போவதில்லை.

முதல் பகுதியிலேயே அது நடந்தது. சரியான விடையைத் தேர்ந்தெடு, நாலு விடையையும் படித்தேன், வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு என்றாள். நான் கணக்கு டீச்சர்தான், அதற்காக இதுகூடவா தெரியாது. என் பேனா தாளில் இறங்காமல் நின்றது. ஒரு விநாடி, அதற்கு மேல் இல்லை. மோனிஷா கழுத்தை லேசாகத் திருப்பினாள், காதை என் கைப் பக்கம் கொண்டுவந்தாள். "இல்ல டீச்சர், ஆயிரத்து எண்ணூத்தி ஆறு." எழுதினேன். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற கண்காணிப்பாளர் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கேள்வி தள்ளிப் பருத்திக்கு ஏற்ற மண் எது என்று வந்தது, செம்மண் என்றாள். பேனா மறுபடி நின்றது. இந்தத் தடவை அது தானாக நின்றது என்று நான் சொன்னால் பொய். உடனே கரிசல் மண் என்று மாற்றினாள். எனக்குள் ஒரு குஷி எழுந்ததை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், என் வாழ்க்கையில் அப்படி ஒன்று இருந்து எவ்வளவு காலமாயிற்று. அப்புறம்தான் அவள் மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, வராந்தாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "டீச்சர், பேனாவ நிறுத்தாதீங்க. நிறுத்துனா எனக்குத் தெரிஞ்சிடுது."

போன வருஷம் அவளுக்கு எழுதியவர் ஓர் ஆண் ஆசிரியர். அவர் பேனா நின்றபோதெல்லாம் இவள் விடையை மாற்றியிருக்கிறாள். சார் நல்லவர், எனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்து மாற்றிக்கொண்டே போயிருக்கிறாள். தேர்வு முடிய அரை மணி இருக்கும்போது ஒரு குறட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. மனிதர் காலையிலிருந்து தூங்கித் தூங்கி விழுந்துகொண்டிருந்திருக்கிறார். எத்தனை சரியான விடையை அவர் தூக்கத்துக்காக மாற்றினாளோ, அவளுக்கே கணக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி தெரிந்ததைச் சொல்லிவிடுவது, தப்பானாலும் அது என்னுடைய தப்பாக இருக்கட்டும், நீங்கள் ஒரே சீராக எழுதினால் போதும் என்றாள். சரி என்று சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லை. அதனால் தலையை ஆட்டினேன், பார்க்க முடியாத பெண்ணிடம் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. அப்புறம் பேனாவின் மூடியால் மேசையை ஒரு தட்டுத் தட்டினேன், அது போதுமாக இருந்தது அவளுக்கு.

ஒரே சீராக எழுதுவது என்றால் என்ன என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் தப்பாகச் சொல்கிறாள், எனக்குத் தெரிகிறது, கை எழுதிக்கொண்டே போகவேண்டும். தப்பான ஊரின் பெயரை அழகாக, பிழையில்லாமல், கோட்டுக்கு மேலே உட்காரவைத்து எழுதினேன். வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் கூட்டலைத் தப்பாகப் போட்டால் அவன் முடிப்பதற்குள் சாக்பீஸைப் பிடுங்கிவிடுகிறவள் நான். பிடுங்காமல் இருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பானோ என்னவோ, நான் யாரையும் அப்படி விட்டதே இல்லை. எனக்கு விடை தெரியும் என்றால் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டும், அப்படித்தான் இருந்திருக்கிறேன். ஒன்றேகால் மணி அடிக்கும்வரை மனசுக்குள்ளே மார்க் போட்டுக்கொண்டே வந்தேன், வேண்டாம் என்றாலும் மண்டை போடுகிறது. ஒரு மதிப்பெண் கேள்விகளில் எட்டு நிச்சயம். இரண்டு மதிப்பெண்ணில் ஏழெட்டு வரும். ஐந்து மதிப்பெண் விடைகளில் ஒன்று முழுசு, மற்றதெல்லாம் பாதியும் காலுமாக. இறுக்கிப் பிடித்துத் திருத்துகிறவர் கையில் போனால் இருபத்தெட்டு, தாராளமானவர் என்றால் முப்பத்தொன்று. இன்னும் இரண்டு ஐந்து மதிப்பெண் கேள்விகள் பாக்கி. அதில் ஒன்றாவது முழுசாக வரவேண்டும். மணி அடித்து எல்லோரும் போன பிறகு மின்விசிறிச் சத்தம் பெரிதாகிவிட்டது. பசி வந்து, வந்த பசி அடங்கியும் விட்டது. சுவரில் வரைபடங்களை எல்லாம் தேர்வுக்காகக் கழற்றிவிட்டார்கள், இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக, இந்தியா இருந்த இடம், தமிழ்நாடு இருந்த இடம். கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார். புதிதாகக் கல்யாணமானவர் என்று காலையில் யாரோ சொன்னார்கள். அவருக்குப் போக வீடு இருக்கிறது, பாவம்.

நாற்பத்தோராவது கேள்வியைப் படித்தேன், தென்மேற்குப் பருவக்காற்று குறித்து எழுதுக. மோனிஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெரிகிறது, இது அவளுக்கு வரும். பேச்சுக்குரல் போய்ப் புத்தகக் குரல் வந்தது, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொல்கிறாள், தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் முதல் செப்டம்பர் வரை வீசுகிறது, கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடாகிறது, நான் எழுதிக்கொண்டே வருகிறேன், கடலில் இருந்து ஈரக்காற்று நிலத்தை நோக்கி வருகிறது, அரபிக்கடல் கிளை, வங்காள விரிகுடாக் கிளை, அரபிக்கடல் கிளை மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குச் சரிவில் கனமழையைத் தருகிறது. கனமழை. பாலகுரு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சொல்தான் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, சில இடங்களில் கனமழை, நான் ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன், அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. தம்பி ஓசூரிலிருந்து காரில் வந்திருந்தான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அது பதினாலாவது மாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, வாயும் கோணி, சொல்லெல்லாம் உடைந்துபோய், வந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அவர்கள் அம்மாவிடம் கேட்பார்கள், அம்மா எதையோ சொல்லும், உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். நான்தான் எடுத்துச் சொல்லவேண்டும். காபி சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாங்க. புடவை நல்லா இருக்குங்கறாங்க. பாதி எனக்கும் விளங்காது, வந்தவர்கள் நிற்கிறார்களே என்று நானே ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். நன்றாகவே சொல்வேன். ஆயுசு முழுக்க அத்தைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அம்மா, என் வாய் வழியாக அத்தைப் புடவையை மூன்று தடவை பாராட்டியிருக்கிறது. அம்மா அந்த நல்ல கண்ணால் என்னை முறைக்கும், எனக்கு உள்ளே ஒரு சிரிப்பு. அதுவரைக்கும் சரி. அதோடு நின்றிருந்தால் இந்த வயசில் இந்த அறையில் நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். பாலகுரு அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் இருந்தான், அதில் இரண்டு மணி நேரம் போனைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தது. மூன்று மணி நேரமும் அவனைத்தான் பார்த்தது. நான் கஞ்சி ஊட்டினேன், வாயைத் துடைத்தேன், கீழ்த்துணியை மாற்றினேன், அந்தக் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. மழைக்கு முன்னாடி கிளம்பட்டுமாக்கா என்று அவன் எழுந்தான். அம்மா இடது கையைத் தூக்கியது. இரு என்றது. இர்ரு. இரண்டு தடவை. பதினாலு மாதத்தில் அவ்வளவு தெளிவாக அம்மா ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை, அவன் மட்டும் காதில் வாங்காமல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான், என்னக்கா சொல்றாங்க. பாத்துப் போகச் சொல்றாங்க என்றேன். ஏன் சொன்னேன். அவனுக்கு மறுநாள் வேலை, மழை வருகிறது, மலைப்பாதை, இதெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். விஷயம் வேறு. பதினாலு மாதம் ராத்திரி பகல் பார்த்த என்னிடம் அம்மா ஒரு நாளும் இரு என்று சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு வாசலில் நிற்பேன், போகட்டுமாம்மா என்று கேட்பேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குச் சொல்லாத ஒரு சொல்லை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அதுதான், அவ்வளவுதான். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் மாற்றிச் சொன்னது அதன் காதிலேயே விழுந்தது. திருத்த வாய் இல்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்ட பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது, ஒன்பதாம் நாள் போய்விட்டது. தம்பி ஒவ்வொரு திதிக்கும் போன் பண்ணி அதையேதான் சொல்கிறான். கடைசியா என்கிட்ட பாத்துப் போன்னு சொன்னாங்கக்கா, எனக்கு அது போதும். நானும் ஆமாப்பா என்கிறேன். நாலு வருஷமாக ஆமாப்பா. அவன் அதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறான், பாட்டி கடைசியில் சொன்ன வார்த்தை என்று. அந்த வீட்டில் அது எங்கள் அம்மாவின் வார்த்தையாக இருக்கிறது. என்னுடையது என்று யாருக்கும் தெரியாது, அம்மாவுடையது எங்கேயும் இல்லை.

"அடிச்சிடுங்க டீச்சர்."

எனக்கு முதலில் புரியவில்லை. மோனிஷாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது, கழுத்து என் கைப் பக்கம் திரும்பியிருந்தது. கீழே பார்த்தேன். பேனா தாளில் ஊன்றியபடி நின்றிருக்கிறது, ஊன்றிய இடத்தில் மை பரவி ஒரு பொட்டு. எவ்வளவு நேரம் நின்றிருக்கும். அரை நிமிஷமா, இரண்டு நிமிஷமா. அவள் சொல்வதை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், என் பேனாவின் சத்தத்துக்காகக் காத்திருந்து, வராமல் போகவே முடிவு செய்துவிட்டாள். மொத்த விடையையும் அடித்துவிடச் சொல்கிறாள். தப்பாக எழுதுகிறேன் போலிருக்கிறது டீச்சர், அடுத்ததைப் படியுங்கள் என்கிறாள். அடுத்த கேள்வி என்ன என்று பார்த்தேன், ஐக்கிய நாடுகள் சபை. காலையில் அதைப் பற்றி ஒரு மதிப்பெண்ணில் வந்தபோதே அவளுக்குத் தெரியவில்லை. இதை அடித்தால் முடிந்தது. இருபத்தெட்டு, முப்பது, மிஞ்சினால் முப்பத்தொன்று. அந்த ஆசிரியர் தூங்கினார், நான் விழித்துக்கொண்டிருந்தேன், வித்தியாசம் அவ்வளவுதான், காலையில் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். நான் செய்யவேண்டியது என்ன என்று உறுதிமொழியில் இருக்கிறது. கூறுவதை மட்டுமே, கூறியவாறே. அடிக்கச் சொன்னால் அடிக்கவேண்டும். தாளுக்குக் குறுக்கே ஒரு கோடு, யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது, என்மேல் ஒரு பிசகும் இல்லாமல் இரண்டேகாலுக்கு வீட்டுக்குப் போய் ரசத்தைச் சூடு பண்ணலாம். இந்தப் பெண் ஜூன் மாதம் பூட்டின கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு, பருவக்காற்றைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். திருத்த அவளுக்கு வழியே இல்லை. நான் சொன்னால்தான் உண்டு.

பேனாவை மேசைமேல் வைத்தேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"மோனிஷா, பேனா நின்னது உன் விடையால இல்ல. நீ சொன்னதையே நான் கேக்கல. எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது, கரகரப்பு இல்லாமல் வந்தது. வராந்தாவில் நாற்காலி பின்னால் நகர்கிறது. அவர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை, அவளுக்கு அது தேவையும் இல்லை, ஆனால் பாதியில் நிறுத்தினால் அவள் நம்பமாட்டாள், சும்மா சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள், அதுவும் இருக்கலாம், அல்லது நாலு வருஷமாக அது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்திருக்கலாம். "என் தம்பிய இருன்னு சொன்னாங்க. நான் போகச் சொல்றாங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன். அத நெனச்சிட்டு உக்காந்துட்டேன்." சொல்லி முடித்தபோது கண்காணிப்பாளர் வாசலில் நிற்கிறார். என்ன டீச்சர் பேச்சு என்றார். சின்னப் பையன் மாதிரி முகம், அதில் பயம், இப்போது இவர் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. நான்தான் பேசினேன், தேர்வர் பேசவில்லை, விடையைப் பற்றியும் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசினேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியெல்லாம் பேசக் கூடாதே டீச்சர், நான் துறை அலுவலரிடம் சொல்லவேண்டியிருக்குமே என்றார். சொல்லுங்க சார். மெமோ வரும், விளக்கம் கேட்பார்கள். தேர்வறையில் தங்கள் தாயாரைப் பற்றிப் பேசியது ஏன் என்று டைப் அடித்த தாள் வரும், ஏழு நாளுக்குள் பதில் எழுதவேண்டும். எழுதலாம். அவர் அலுவலகம் பக்கம் நடந்தார், யாருமில்லாத வராந்தாவில் அவர் நடை ரொம்ப தூரம் கேட்டது.

மோனிஷாவின் கண்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன, எந்தப் பக்கம் யோசிக்கிறாள் என்று அந்தக் கண்களை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், நான் சொன்னது அவளுக்குள் போயிருக்கிறது, அவள் அதை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் அதை அவளுக்காக முடிவு செய்யவும் முடியாது. அந்த விடை சரிதான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அதைச் சொல்லவில்லை. பேனாவை எடுத்தேன், மை பரவிய பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், மணி ஒன்று ஐம்பத்தெட்டு. குறுக்கே கோடு போடுவதாக இருந்தாலும் அவள் சொல்லித்தான் போடுவேன், எழுதுவதாக இருந்தாலும் அவள் சொல்லித்தான். அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"எனக்கும் அப்படி மாத்திடாதீங்க டீச்சர்" என்றாள்.

பேனாவின் மூடியால் மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். எங்க விட்டேன் படிங்க என்றாள். படித்தேன். அரபிக்கடல் கிளை மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குச் சரிவில் கனமழையைத் தருகிறது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது என்றாள். எழுதினேன். அதனால் தமிழ்நாடு மழை மறைவுப் பகுதியாகிறது, தமிழ்நாட்டுக்கு இந்தக் காற்றால் கிடைக்கும் மழை குறைவு என்றாள். எழுதினேன். முற்றுப்புள்ளி என்றாள். வைத்தேன்.